சிவப்பு மையில் அடித்த வரி

எண்பதுகளின் கடைசியில், ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் என் முதல் புத்தகம் வெளியானது. குழந்தைகளுக்கான கதைப் புத்தகம். அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமாக அந்த ஊரில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இத்தனை வருடத்தில் இதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோதுகூட எனக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிச் சொன்னேன்.

நான் அப்போது ராஜபாளையத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். லீவு நாளில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கண்மாய்க் கரை, மலையடிவாரம் என்று சுற்றுவேன். ஒரு பெண் இப்படித் தனியாகச் சுற்றுவது ஊருக்கு வேடிக்கை. “டீச்சரு கொக்கு எண்ணப் போறாக” என்று பஸ் ஸ்டாப்பில் சிரிப்பார்கள். எனக்கு ரோஷம் கொஞ்சம் ஜாஸ்தி. திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று போய்விடுவேன். பார்த்துவிட்டு வந்ததைக் கதையாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். பத்து அனுப்பினால் இரண்டு வரும். அந்த இரண்டையும் மடித்துக் கைப்பையிலேயே வைத்திருப்பேன், யாராவது கேட்டால் காட்டலாமே என்று.

வகுப்பில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் ‘பார்த்த நோட்டு’ என்று தனியாக ஒரு நோட்டு போட வேண்டும். பாடப் புத்தகத்தில் படித்ததை அதில் எழுதக் கூடாது. கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும். வியாழக்கிழமை எல்லா நோட்டையும் வாங்கிச் சிவப்பு மையால் திருத்துவேன். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் ஒவ்வொருவராக எழுந்து சத்தமாக வாசிக்க வேண்டும். நான் அடித்த வரியை வாசிக்கக் கூடாது, அது சட்டம். மறந்துபோய் யாராவது வாசித்துவிட்டால், “டீச்சர், அடிச்சத வாசிக்கான்” என்று மற்ற பிள்ளைகளே சத்தம் போட்டுவிடுவார்கள்.

பெரும்பாலான நோட்டுகளில் காக்காயும் ஆட்டுக்குட்டியும்தான் இருக்கும். ஒரே ஒரு பிள்ளையின் நோட்டைப் பிரிக்கும்போது மட்டும் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். ஏழாம் வகுப்புப் பெண். அவளுடைய அப்பா, அய்யனார் கோவில் ஆற்றுக்குப் போகிற வழியில், மலையை ஒட்டிய ஒரு பெரிய மாந்தோப்பில் காவல்காரர். தோப்புக்குள்ளேயே ஒரு குடிசையில் குடும்பம் இருந்தது. அங்கிருந்து நடந்தே பள்ளிக்கு வருவாள். ஒல்லியான பிள்ளை, அதிகம் பேசமாட்டாள். பேச வேண்டியதையெல்லாம் அந்த நோட்டில் எழுதிவிடுவாள். மலையணில் தரையில் இறங்காது, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு எப்போதும் ஒரே கிளை வழியாகத்தான் தாவும் என்று அவள் எழுதியதைப் படித்த பிறகுதான் நானே போய்ப் பார்த்தேன். அப்படியேதான் தாவியது. மூன்று வருடமாக பைனாகுலரோடு சுற்றிய எனக்கு அது கண்ணில் பட்டிருக்கவில்லை.

அந்த வருடம் மாவடு விட்டு, மலையணில்கள் அதைக் கடித்துப் போடுகிற சமயத்தில் ஒரு வியாழக்கிழமை அவள் நோட்டில் நாலு பக்கம் எழுதியிருந்தாள். அப்பா சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்குப் போட்டு அணில் தாவுகிற கிளையில் கட்டுகிறார். மறுநாள் விடியக்காலை ஒரு அணில் உயிரோடு மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்பா வருவதற்குள் இவள் மரத்தில் ஏறிக் கம்பியைத் தளர்த்தி விடுகிறாள். அணில் இவள் ஆள்காட்டி விரலைக் கடித்துவிட்டு ஓடிவிடுகிறது. அப்பா பார்த்துவிட்டுத் திட்டவில்லை, விரலில் மஞ்சள் வைத்துக் கட்டிவிடுகிறார். இவ்வளவும் எழுதி, நடுவில் ஒரு வரி: ‘முதலாளி சொன்னதால்தான் அப்பா கண்ணி வைத்தார், அப்பாவுக்கு அணில் என்றால் ரொம்பப் பிரியம்.’

படித்து முடித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, இது என் புத்தகத்துக்கான கதை என்று. அந்த ஒரு வரி மட்டும் இடித்தது.

ஏன் என்றால், அந்தத் தோப்பு முதலாளி எங்கள் பள்ளிக் கமிட்டியில் இருந்தவர். என் கதைகளைப் படித்துவிட்டு, “இதைப் புஸ்தகமாப் போடுங்க டீச்சரம்மா, நான் அச்சாபீசுல சொல்லுதேன்” என்று அவராகவே முன்வந்தவர். விழாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம் பேசிக் கொடுத்தவரும் அவர்தான். அதிர்ந்து பேசாத மனிதர். அவர் தயவில் வருகிற புத்தகத்தில் அவரே கண்ணி வைக்கச் சொன்னதாக எப்படி எழுதுவது?

சிவப்பு மைப் பேனாவை எடுத்து, ஸ்கேல் வைத்து, அந்த வரியை நேராக அடித்தேன். பக்கத்தில் ‘கதைக்குத் தேவையில்லை’ என்று குறிப்பும் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அவள் வாசித்தாள். அந்த வரியை விட்டுவிட்டு ஒழுங்காக வாசித்தாள். மணி அடித்து எல்லோரும் போனபிறகு மேஜையருகே வந்து நின்றாள்.

“டீச்சர், அது பொய்யில்ல. எதுக்கு அடிச்சீங்க?”

“பொய்யின்னு நான் சொல்லலையே. நெசந்தான். ஆனா கதைக்கு அது வேண்டாம்மா.”

அவள் தலையாட்டினாள். டீச்சருக்குத் தெரியாததா என்கிற தலையாட்டல். நோட்டை நான் கதை எழுதக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன்.

அந்த வரியை அடித்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கதை எழுத உட்கார்ந்தபோது, அந்த அப்பா எதற்காகக் கண்ணி வைக்கிறார் என்ற கேள்வி வந்தது. காரணம் இல்லாமல் கதை நிற்காதே. பேராசை பிடித்த காவல்காரன், அணில் தோலை விற்கிறான் என்று எழுதினேன். எனக்கு அது ஒரு நிமிட வேலை. குழந்தைக் கதைக்கு ஒரு கெட்டவன் வேண்டும் அல்லவா? மகள் நல்லவள், அப்பா கெட்டவன், கடைசியில் திருந்துகிறான். அச்சகத்தில் புரூஃப் பார்த்தவர் இந்தக் கதைதான் பிரமாதம் என்றார். நான் அந்தச் சொல்லிலேயே இரண்டு நாள் மிதந்தேன்.

விழாவுக்கு அந்தப் பெண்ணையும் கூட்டிப்போனேன். அவளுக்கு ஒரு பச்சைப் பாவாடை நானே எடுத்துக் கொடுத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கோபுரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தாள். மலையணிலுக்காக அந்தக் காட்டைச் சரணாலயமாக அப்போதுதான் அறிவித்திருந்தார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. அதனால் வனத்துறையிலிருந்து ஒரு அதிகாரியைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தோம். முதல் வரிசையில் தோப்பு முதலாளி மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தார்.

ஏற்புரை சொல்ல மைக் முன்னால் நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அணில் கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் போதவில்லை எனக்கு. “இது கற்பனை இல்லை. ஒவ்வொரு வரியும் உண்மை. அந்தப் பெண் இதோ இங்கேதான் இருக்கிறாள்” என்று சொல்லி அவளை மேடைக்குக் கூப்பிட்டேன். மண்டபமே எழுந்து பார்த்தது. அவள் விரலைத் தூக்கிக் காட்டச் சொன்னேன். காட்டினாள்.

அணிலைப் பிடித்தால் ஜெயில் என்று வகுப்பில் பாடம் நடத்தியவளே நான்தான். அன்றைக்கு அந்த மேடையில் அது என் புத்திக்கு எட்டவே இல்லை. எனக்கு முன்னால் இருந்தது கதையும் கைதட்டலும்தான். அந்தக் கதைக்குள் ஒரு மனிதர் இருக்கிறார், அவருக்கு ஒரு வேலையும் குடிசையும் இருக்கிறது என்பதெல்லாம் தோன்றவில்லை.

அதிகாரி நல்ல மனிதர். அவளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, “எந்தத் தோப்பும்மா?” என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். வகுப்பில் விடை தெரிந்தும் டீச்சர் சொல்லச் சொல்கிறாரா என்று பிள்ளைகள் பார்ப்பார்களே, அப்படி. நான் சிரித்துக்கொண்டே, சொல்லு என்று தலையாட்டினேன்.

“அய்யனார் கோயில் ஆத்துக்குப் போற வழியில, ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்க மாந்தோப்பு சார். எங்கப்பாதான் காவலு” என்றாள், மைக்கில்.

முதல் வரிசையில் முதலாளி கைதட்டிக்கொண்டுதான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை தோப்புக்கு ஜீப் போனது. அதிகாரி தன் கடமையைச் செய்தார், அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். குடிசையில் நாலு பிரேக் கம்பிச் சுருக்குகள் கிடைத்தன. கூரை எரவாணத்தில் ஒரு அணில் வால் செருகியிருந்தது. பிடித்தேன் என்பதற்கு அடையாளமாக முதலாளிக்குக் காட்ட வைத்திருந்த வால் அது என்று பிறகு தெரிந்தது. காவல்காரரைக் கூட்டிப்போனார்கள். முதலாளியை விசாரித்தபோது அவர் பதறவேயில்லையாம். “அணிலக் காப்பாத்தணும்னு கதைப் புஸ்தகம் போட மண்டபம் குடுத்தவன் நானு. நான் போய் கண்ணி வைக்கச் சொல்வேனா? அவனுக்கு என்ன பேராசையோ, இந்தாங்க, இதுலயே எழுதிருக்கு பாருங்க” என்று என் புத்தகத்தையே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

இதை என்னிடம் சொன்னது அதே அதிகாரிதான், பாராட்டாகச் சொன்னார். “உங்க புத்தகம் ரொம்ப உபயோகமா இருந்தது டீச்சர்” என்றார். 

அன்று சாயங்காலமே அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அம்மா அழுது ஓய்ந்து, குரல் கம்மி நின்றார். பெண்தான் முதலில் பேசினாள்.

“டீச்சர், என் பார்த்த நோட்டத் தாங்க. முதலாளி சொல்லித்தான் அப்பா வச்சாவன்னு அதுல எழுதிருக்கேன்ல. முன்னாடியே எழுதுனதுன்னு காட்டுனா நம்புவாகளாம். எங்க மாமா சொன்னாவ.”

“கொஞ்சம் அவளுக்கு எடுத்துக் குடுங்க டீச்சரம்மா. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்” என்றார் அம்மா.

நோட்டு உள்ளே என் மேஜைமேல் இருந்தது. பழுப்பு அட்டை போட்டு, மேலே ஒரு மீன்கொத்திச் சிறகை ஒட்டியிருப்பாள். வாசலில் நின்று பார்த்தாலே தெரியும். நான் கதவை மறைத்தாற்போல் நின்றுகொண்டேன். ஒரே நேரத்தில் என்னென்னவோ ஓடியது. அந்த நோட்டைக் கொடுத்தால் முதலாளி மாட்டுவார். நான் சிவப்பு மையில் அடித்ததும், பக்கத்தில் எழுதியதும், என் கையெழுத்தோடு ஆபீஸ் ஆபீஸாகப் போகும். உண்மை தெரிந்தும் பொய் எழுதினேன் என்று ஆகும். வேலை என்ன ஆகும், புத்தகம் என்ன ஆகும்?

“ஸ்கூல்ல இருக்கும்மா. நாளைக்கு எடுத்துத் தாரேன்” என்றேன்.

அவள் என் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் கண்ணுக்குத் தப்பாது என்று எனக்குத் தெரியும். கிளைக்குக் கிளை அணில் போகிற வழியைக் கண்டுபிடித்த கண் அது. கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன்.

“சரி டீச்சர்” என்றாள். அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் நான் முதலாளியைப் பார்க்கப் போனேன். துணிச்சலாகக் கேட்கப் போனதாகத்தான் அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். அவர் காப்பி கொடுத்து உட்கார வைத்து, “நோட்டு கீட்டுன்னு கொண்டு போனீகன்னா பிள்ளையத்தான் கோர்ட்டுல ஏத்துவாக டீச்சரம்மா. பாவம், சின்னப் பிள்ள. நீங்க விடுங்க. நான் வக்கீல் வச்சு அவன வெளிய கொண்டாந்துருதேன்” என்றார். நம்புவதற்கு வசதியாக இருந்தது, நம்பினேன். திரும்பி வரும்போது ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோல்கூட இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

வக்கீல் யாரும் போகவில்லை. காவல்காரர் இரண்டு மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அதற்குள் தோப்புக்கு வேறு காவல்காரர் வந்துவிட்டார், குடிசை போய்விட்டது. அந்தப் பெண் முழுப் பரீட்சை எழுத வரவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்தும் வரவில்லை. ஒவ்வொரு காலையும் அட்டெண்டன்ஸில் அவள் பெயரைக் கூப்பிடுவேன். “வரல டீச்சர்” என்று யாராவது சொல்வார்கள். கொஞ்ச நாளில் தலைமை ஆசிரியர் பெயரை எடுத்துவிடச் சொன்னார். அதையும் சிவப்பு மையால்தான் அடிக்க வேண்டும், அது பதிவேட்டு விதி.

நான் தேடிப்போனேனா என்று நீங்கள் கேட்கலாம். போகவில்லை. எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை. பஸ்ஸில் அந்தத் தோப்பு வழியாகப் போக நேர்ந்தால் அந்தப் பக்கம் உட்கார மாட்டேன். பைனாகுலரைப் பீரோவுக்குள் போட்டுப் பூட்டினேன். மலையணிலைப் பார்க்கும் ஆசை விட்டுப்போயிற்று.

ஆனால் புத்தகம் மட்டும் நன்றாகப் போனது. ஒரு பரிசு கூடக் கிடைத்தது. பள்ளிகளில் கூப்பிட்டார்கள். சேத்தூர், வத்திராயிருப்பு என்று சனிக்கிழமைகளில் போய்க் கதை சொல்லிவிட்டு வருவேன். எல்லா இடத்திலும் அணில் கதைதான் கேட்பார்கள். கதை முடிந்ததும் எங்கேயும் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து தவறாமல் கேட்கும், “அந்த அக்கா இப்ப என்ன செய்றாங்க?” நானும் தவறாமல், “நல்லாப் படிக்கிறாங்க, காலேஜுக்குப் போகப் போறாங்க” என்பேன். பிள்ளைகள் கைதட்டும். முதல் தடவை சொல்லும்போது நாக்கு தடுமாறியது. பிறகு பழகிவிட்டது. மனசு செத்துப்போகிறது என்று சொல்வார்களே, அது ஒரே நாளில் நடக்கிறதில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இப்படியே ஆறேழு வருடம் ஓடியது. தொண்ணூறுகளின் நடுவில், ராஜபாளையம் பக்கத்தில் ஒரு பள்ளியில் கதை சொல்லப் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமான கேள்வி வந்தது. வழக்கமான பதிலைச் சொன்னேன். அப்போது மூன்றாம் வரிசையில் ரிப்பன் கட்டிய ஒரு சின்னப் பெண் எழுந்தாள்.

“இல்ல டீச்சர். அந்த அக்கா படிக்கல. சோழபுரத்துல எங்க தெருவுலதான் இருக்காவ. விரல்ல தழும்பு இருக்கும். மில்லுக்குப் போறாவ.”

“ஏட்டி, உக்காரு. டீச்சருக்குத் தெரியாதா?” என்று அவர்கள் ஆசிரியை அதட்டினார். அந்தப் பிள்ளை குழப்பத்தோடு உட்கார்ந்தது.  அந்தப் பிள்ளை சொன்னதுதான் நிஜம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பொய்க்கு ஒரு பிள்ளை விலை கொடுப்பது அது இரண்டாவது தடவை. தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் பாதியில் கிளம்பி வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு அந்தப் பழுப்பு அட்டை நோட்டை எடுத்துக்கொண்டு சோழபுரம் பஸ் ஏறினேன். அதைக் கிழிக்கவும் இல்லை, எரிக்கவும் இல்லை. அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. தகரம் வேய்ந்த ஒற்றை அறை. வாசலில் கட்டிலில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். அடையாளமே தெரியாமல் இளைத்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் கட்டிலைவிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

“வாங்க டீச்சர், வாங்க. ஏத்தா, டீச்சர் வந்திருக்காக, செம்புல தண்ணி கொண்டா.”

அவள் வந்தாள். இருபது வயதுகூட இருக்காது, பார்த்தால் முப்பது சொல்லலாம். ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்தவள் போலும், தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கொஞ்சம் உரக்கப் பேசினால்தான் காது கேட்டது. மில் சத்தம் அப்படி. அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் தவறிவிட்டார் என்றாள். திட்டவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் அப்பா கேட்டார், “டீச்சர், இப்ப மலையணிலு நெறைய ஆயிருச்சாமே, நெசமா? ஒரு மரத்துல எம்புட்டுக் கூடு இருக்கும்?”

 நான் போய்ப் பார்த்தே வருடக்கணக்காகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். “அன்னைக்கு ஸ்கூல்ல இருக்குன்னு சொன்னது பொய்” என்றேன். “தெரியும் டீச்சர்” என்றாள். அவ்வளவுதான். மீன்கொத்திச் சிறகு உதிர்ந்து நடுக்குச்சி மட்டும் அட்டையில் ஒட்டியிருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தாள்.

“என்ன நோட்டு அது?” என்று அப்பா கேட்டார்.

“நான் படிக்கையில எழுதுனதுப்பா. நம்ம அணிலப் பத்தி.”

“வாசி, கேப்பம்” என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பக்கத்தைப் புரட்டினாள். வாசிக்க ஆரம்பித்ததும் நான் தரையைப் பார்க்க ஆரம்பித்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தாள். தழும்பு இருந்த அந்த ஆள்காட்டி விரலை ஒவ்வொரு சொல்லுக்குக் கீழும் வைத்து நகர்த்தி நகர்த்தி வாசித்தாள். ‘கிளை’ என்ற சொல்லில் நின்று, திரும்ப முதலிலிருந்து வந்தாள். என் வகுப்பில் மூச்சுவிடாமல் வாசித்த பிள்ளை. தான் எழுதியதையே இப்போது அந்நியர் எழுத்துபோல் தடவிக்கொண்டிருந்தாள். “மில்லுக்குப் போன பொறவு புஸ்தகத்த எங்க தொட்டேன் டீச்சர், எல்லாம் மறந்துபோச்சு” என்று சிரிக்கப் பார்த்தாள்.

இரண்டாம் பக்கத்தின் நடுவில் விரல் நின்றது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு வயதில் மேடையில் பார்த்தாளே, அதே பார்வை.

“டீச்சர், இதுல சிவப்புல அடிச்சிருக்கு. இதையும் வாசிக்கவா?”

அந்தக் குரலில் குத்தல் எதுவும் இல்லை. என் வகுப்பு விதியை அவள் இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் நான் உடைந்துவிட்டேன். வாய் திறந்தால் அழுகைதான் வந்தது. எப்படியோ, “வாசிம்மா, அதத்தான் வாசிக்கணும்” என்றேன்.

சிவப்புக் கோட்டுக்கு அடியில் எழுத்து சரியாகத் தெரியவில்லை. நோட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். “முதலாளி... சொன்னதால்தான்... அப்பா... கண்ணி வைத்தார். அப்பாவுக்கு... அணில்... என்றால்... ரொம்பப் பிரியம்.”

அவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அன்னைக்கே எழுதிட்டியா தாயி” என்று மட்டும் சொன்னார். தன்னைப் பற்றி மகள் என்ன நினைத்திருப்பாளோ என்று இத்தனை வருடம் அந்த மனிதர் உள்ளுக்குள் வைத்துக் குமைந்திருக்கிறார் என்பது அந்த மூன்று சொல்லில் எனக்குத் தெரிந்தது. மகள் எழுதிய புத்தகம், மகள் மேடையில் நின்ற புத்தகம் என்றுதான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதில் அவரைப் பேராசைக்காரன் என்று எழுதியது யார் என்றோ, கேட்டும் கிடைக்காத அந்த நோட்டைப் பற்றியோ யாரும் சொல்லவில்லை.

நான் சொன்னேன். அவர் காலைத் தொடக் குனிந்தேன். அவர் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். “வேண்டாம் டீச்சர். பிள்ளைக்குப் படிச்சுக் குடுத்தவுக நீங்க” என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அதைக் கேட்கும் தகுதி எனக்கும் இல்லை. மறுபடி படிக்கலாமே, தனியாகப் பரீட்சை எழுதலாமே, நான் சொல்லித் தருகிறேனே என்றேன் அவளிடம். “ஷிப்ட்டு இருக்கு டீச்சர்” என்றாள். கிளம்பும்போது நோட்டை எனக்குத் திருப்பித் தருவாளோ என்று பார்த்தேன். தரவில்லை. உள்ளே கொண்டுபோய், சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு வந்து என்னை பஸ் ஏற்றிவிட்டாள்.

அடுத்த பதிப்பில் அந்த வரியைச் சேர்த்தேன். பேராசை என்பதை எடுத்தேன். அதற்குள் முதலாளி தோப்பை விற்றுவிட்டு மகனோடு வெளியூர் போயிருந்தார், அதனால் அதைத் துணிச்சல் என்று நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். வாசிக்கிற பிள்ளைகளுக்கு அது கதையில் ஒரு சாதாரண வரி, யாரும் அங்கே நின்று கேள்வி கேட்பதில்லை. அந்த அக்கா என்ன செய்கிறார் என்று கேட்டால் இப்போது மில்லுக்குப் போகிறார் என்று சொல்கிறேன், அவர்கள் கைதட்டுவதில்லை.

சிவப்பு மைப் பேனாவை நான் விட்டுவிடவில்லை, டீச்சர் வேலையில் அது முடியாது. ஆனால் ஒரு பிள்ளையின் நோட்டில் ஒரு வரிமேல் அதை வைக்கப்போகும் ஒவ்வொரு முறையும், தழும்பு விழுந்த ஒரு விரல் அந்த வரிக்குக் கீழே வந்து நிற்கிறது, யாரைக் காப்பாற்ற இதை அடிக்கிறாய் என்ற கேள்விக்கு நான் எனக்கே பதில் சொன்ன பிறகுதான் என் கை நகர்கிறது.